காக்காவிடம் நான் சொன்ன "பார்ப்போம்"



நீளமான பதிவு இது. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன், அதை மட்டும் செய்யுங்கள்.

2021 ஜூலை 5ஆம் தேதி, திங்கட்கிழமை, பள்ளிவாசல் கதவு திறந்தது. ஏப்ரல் கடைசியில் மூடியது. பாதி ரமலானும் பெருநாள் தொழுகையும் வீட்டுக்குள்ளேயே போய்விட்டன. ஃபஜ்ருக்குப் போனேன். இடைவெளி விட்டு நின்றோம். கண் தன்னால் மூன்றாவது தூண் பக்கம் போனது. முழங்கால் வலிக்காக என் காக்கா அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுவார். நாற்காலி அங்கேயே இருக்கிறது. யாரும் எடுத்து ஓரமாக வைக்கவில்லை.

காக்கா மவுத்தானது மே 18. நோன்புப் பெருநாள் கழிந்து நாலாம் நாள். வயது 68. சர்க்கரை இருந்தது, மற்றபடி நல்ல ஆரோக்கியம். ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே பல மணி நேரம் காத்துக் கிடந்தோம். அதற்காக யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க அதுதான் நிலைமை. அடக்கம் செய்ய நாலு இளைஞர்கள் பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவன் "சார், நான்தான் சார், எட்டாப்பு பி செக்‌ஷன்" என்றான். கண்ணாடிக்குள்ளே முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். காக்காவின் முகத்தை ஒரு தடவை காட்டினார்கள். மதினிக்கும் ராத்தாவுக்கும் அதுவும் கிடைக்கவில்லை.

இது வரைக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். ஆறுதல் சொல்லி எத்தனையோ பேர் போன் செய்தீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மார்ச் 1ஆம் தேதியில் இருந்து 60 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது கூட்டமே கிடையாது. நர்சம்மா தெருவுக்கே வந்து பெயர் எழுதிக் கேட்டார். அன்று சாயங்காலம் காக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீ என்ன சொல்றே? போட்டுக்கலாமா?" எங்கள் குடும்பத்தில் அது ஒரு வழக்கம். நிலப் பத்திரம், பிள்ளைகளின் காலேஜ், கண் ஆபரேஷன் எதுவானாலும் கடைசியில் "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்பார்கள். வயதில் மூத்தவர், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், அவரும் அப்படித்தான் கேட்பார்.

நான் சொன்னேன்: "என்ன அவசரம் காக்கா, பார்ப்போம்."

ஏப்ரல் 14ஆம் தேதி நோன்பு தொடங்கியது. 15ஆம் தேதி நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி காலமானார். இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் முழுவதுமாக அடைத்திருந்தது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள். ஆனால் அன்று ராத்திரி ஊரில் எந்தத் திண்ணையிலும் டாக்டர் பேச்சு எடுபடவில்லை. காக்கா மறுபடி கேட்டார். நான் சொன்னேன்: "நோன்பு முடியட்டும் காக்கா."

நோன்பு முடிந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இதில் எனக்கு உறைக்கிற இடம் எது என்றால், ஊசி போட்டால் நோன்பு முறியாது என்பது எனக்குத் தெரியும். சவூதியின் தலைமை முஃப்தி ரமலானுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஊசி உணவுமல்ல, பானமுமல்ல, தசைக்குள் போகிற மருந்து. தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே உள்ளுக்குள் பயம். வரலாறு நடத்தியவன், பெரிய அம்மையை உலகத்தை விட்டே விரட்டிய கதையை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன், ஒரு நடிகரின் மரணச் செய்தியைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பயம் என்று சொல்ல வெட்கம். அதனால் நோன்பு என்று சொன்னேன்.

இரண்டு மாதமாக ஊரில் ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்க்கிறேன். என் கதைதான் எல்லோர் கதையும். மார்க்கம் தடுக்கிறது என்று உண்மையாகவே நம்பி ஊசி போடாமல் இருப்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்குப் பயம், சிலருக்குக் கோபம், சிலருக்குச் சோம்பல். வெளியே சொல்லும்போது மட்டும் அதற்கு ஒரு தொப்பியைப் போட்டு மார்க்கம் ஆக்கிவிடுகிறோம். அப்படிச் செய்தால் எதிரே இருப்பவர் வாயைத் திறக்க முடியாது பாருங்கள்.

அதனால் அந்தப் பேச்சையும் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

"மவுத்து எழுதியிருந்தா ஊசி தடுக்குமா?" இதை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பு என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னது எல்லோருக்கும் தெரியும், பள்ளிவாசலில் நூறு தடவை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும். அதனால் நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில், அதாவது கி.பி. 639 சுமாரில், ஷாம் தேசத்தில் கொள்ளைநோய். பாலஸ்தீனத்தில் அம்வாஸ் என்ற ஊரின் பெயரால் அதைச் சொல்வார்கள். கலீஃபா உமர் (ரலி) மதீனாவிலிருந்து ஷாமுக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறார். சர்க் என்ற இடத்தில் தளபதிகள் எதிர்கொண்டு வந்து நோய் பரவியிருக்கும் செய்தியைச் சொல்கிறார்கள். உமர் முதலில் முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. அன்சாரிகளைக் கேட்கிறார். அங்கேயும் அப்படியே. பிறகு குறைஷிப் பெரியவர்களைக் கேட்கிறார். அவர்கள் ஒரே குரலாகத் திரும்பிப் போகலாம் என்கிறார்கள். காலையில் திரும்பிப் போவதாக உமர் அறிவிக்கிறார்.

அப்போது அபூ உபைதா (ரலி) கேட்கிறார், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று. சாதாரண ஆள் அல்ல. சொர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். இதை உங்களைத் தவிர வேறு யாராவது கேட்டிருக்கக்கூடாதா என்று உமர் வருத்தப்படுகிறார். ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்கிறார். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வறட்சி என்று இருக்கிற பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் விதிப்படிதானே மேய்க்கிறீர்கள் என்று கேட்கிறார்.

பயானில் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். அதுவரை அங்கே இல்லாத அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து சேர்கிறார். நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்று நபிகள் நாயகம் சொல்லத் தான் கேட்டிருப்பதாகச் சொல்கிறார். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்புகிறார். அதாவது உமர் அந்த முடிவை எடுக்கும்போது ஹதீஸ் அவர் கையில் இல்லை. விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, மூன்று தடவை ஆலோசனை கேட்டு, புத்தியைப் பயன்படுத்தி முடிவெடுத்தார். ஆதாரம் பின்னால் வந்து சேர்ந்தது. அபூ உபைதா அங்கேயே தங்கினார், அந்த நோயிலேயே மறைந்தார். அவருடைய அந்தஸ்து அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் அவரையே காரணம் காட்டி மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று உமர் விடவில்லை.

அடுத்தது ஹராம் விஷயம். பன்றி ஜெலட்டின் இருக்கிறதாம். இந்தப் பேச்சு டிசம்பரில் சீனத் தடுப்பூசியை வைத்துக் கிளம்பியது. 2021இல் நம் ஊரில் போட்ட கோவிஷீல்டிலும் கோவேக்சினிலும் ஜெலட்டினே கிடையாது. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு வாய்ப்பாடு அளவுக்குக்கூட இல்லாத சின்னப் பட்டியல். போதாததற்கு, அப்படி ஜெலட்டின் இருந்தாலும்கூட வேறு வழியில்லாத நிலையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா கவுன்சில் அந்த டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். நமக்கு இங்கே பன்றி என்று வந்த அதே சமயத்தில், பக்கத்துத் தெருவில் என் மாணவன் ஒருவனுக்குக் கன்றுக்குட்டி என்று வந்திருக்கிறது. கோவேக்சினில் கன்றின் இரத்தம் இருக்கிறதாம். கிருமியை வளர்க்கப் பயன்படும் செல்களுக்குத் தீனியாக ஆரம்பக் கட்டத்தில் கன்றின் சீரம் சேர்க்கிறார்கள், பிறகு கழுவி எடுத்துவிடுகிறார்கள், முடிந்த மருந்தில் அது இல்லை என்று போன மாதம் 16ஆம் தேதி மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. 1857 பாடம் ஞாபகம் இருக்கிறதா? தோட்டாவில் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. ஐந்து மார்க் கேள்வி. அன்றைக்குச் சிப்பாய்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. கொழுப்புத் தடவியது உண்மை, எந்தக் கொழுப்பு என்று கம்பெனிக்காரன் ஒழுங்காகச் சொல்லவில்லை. 164 வருஷம் கழித்து, பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகும் அதே ஆடும் மாடும் பன்றியும்தானா?

ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நானும் உங்கள் மாமியும் போனபோது, புறப்படும் முன் முகாமில் வரிசையாக நிறுத்தி மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். போலியோ சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். நரைத்த தாடியோடு அத்தனை பேரும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றோம். இதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. விதி இருந்தால் ஊசி தடுக்குமா என்றும் கேட்கவில்லை. ஊசிச் சீட்டு இல்லாவிட்டால் விசா இல்லை, அதனால் பேசாமல் கையை நீட்டினோம். 1987இல் ஹஜ் சமயத்தில் மூளைக்காய்ச்சல் பரவி ஹாஜிகளோடு பல நாடுகளுக்கும் போனது, அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு. 2021ஆம் வருஷ ஹஜ்ஜைப் பாருங்கள். உள்நாட்டில் இருந்த 60,000 பேருக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும். கஃபாவின் வாசலில் கேட்கிற சீட்டை நம் ஊர்த் தெருமுனையில் கேட்டால் மட்டும் மார்க்கத்துக்கு ஆகாதா?

இனி கோபத்துக்கு வருகிறேன். இதுதான் எழுதக் கஷ்டமான பகுதி.

போன வருஷம் மார்ச் கடைசியும் ஏப்ரலும் எப்படிப் போயிற்று என்று நம் மக்கள் யாரும் மறக்கவில்லை. தினமும் சாயங்காலம் டிவியில் எண்ணிக்கை வரும். இன்றைக்கு இத்தனை பேர், அதில் தில்லி மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் இத்தனை பேர் என்று தனியாக ஒரு கணக்கு. வேறு எந்தக் கூட்டத்துக்கும் அப்படித் தனிக் கணக்கு சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். காய்கறி விற்கிற நம் பையனை அடுத்த ஊரில் உள்ளே விடவில்லை. முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கே, என்னிடம் படித்த ஒரு பிள்ளை எங்களையெல்லாம் சேர்த்துத் திட்டி ஒரு பார்வர்டு அனுப்பியது. அந்தப் பிள்ளை இதையும் படிக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் இல்லையப்பா. அதே வாரத்தில் வேறு நாலு பிள்ளைகள் போன் செய்து "சார், அரிசி பருப்பு ஏதாவது வேணுமா, வாசலில் வைத்துவிட்டுப் போகட்டுமா" என்று கேட்டார்கள். அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

பிறகு அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் மேல் போட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே சொன்னது. தீர்ப்பு வந்த அன்று டிவியில் எத்தனை நிமிஷம் காட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நர்சம்மா தெருவுக்குள் வரும்போது நம் வீட்டுக் கதவுகள் ஏன் மூடிக்கொள்கின்றன என்பது எனக்குப் புரிகிறது. பதிவேடு என்றாலே போன வருஷத்துத் தகரம்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் காயம் பொய்யில்லை. ஆனால் அந்த நர்சம்மா தகரம் அடைத்தவர் இல்லை. மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர். நாம் கதவைச் சாத்தினால் டிவிக்காரனுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. காக்கா போனார். மேலத் தெருவில் இரண்டு பேர். பீடிக் கடை மச்சான். எல்லாம் நம் வீட்டு ஜனாஸாக்கள்.

இந்தப் பதிவை யாராவது எடுத்து, "பார், அவங்களே ஒத்துக்கிறாங்க" என்று சுற்றுக்கு விடலாம் என்று என் மகன் எச்சரித்தான். விடட்டும். ஏப்ரலில் தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் இதே தயக்கம்தான் இருந்தது. காரணம் மட்டும் தெருவுக்குத் தெரு வேறு. நான் என் தெருவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் பேச்சுக்கு மதிப்பு இருப்பது இங்கேதான்.

பிள்ளை பிறக்காது என்ற பேச்சுக்கு வருகிறேன். இது புதுச் சரக்கே இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்கு இதே வதந்திதான், அச்சு மாறாமல். முஸ்லிம்களின் ஜனத்தொகையைக் குறைக்கச் சதி என்றார்கள். கதவு மூடியது. 2002இல் அங்கே போலியோ வெடித்துக் கிளம்பியபோது கால் சூம்பிய குழந்தைகளில் நம் குழந்தைகள்தான் அதிகம். அதற்குப் பிறகுதான் வேலை வேறு மாதிரி நடந்தது. அலிகர் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் ஜாமியா ஹம்தர்தும் இறங்கின. இமாம்கள் பள்ளிவாசல் மைக்கிலேயே அறிவிப்புச் செய்தார்கள், தங்கள் பிள்ளைகளுக்கே எல்லோர் முன்னாலும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை, 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. சொட்டு மருந்து குடித்த அந்தப் பிள்ளைகள் இன்று கல்யாணம் ஆகி, அவர்கள் இடுப்பில் குழந்தைகளோடு நிற்கிறார்கள். என் பேரன்கள் மூன்று பேரின் தாய் தகப்பன் எல்லாம் போலியோ சொட்டு குடித்தவர்கள்தான்.

ஊசி போட்டவர்கள் இரண்டு வருஷத்தில் செத்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு விஞ்ஞானி சொன்னதாக மே மாதம் வந்த செய்தி பொய். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. அதை எனக்கு அனுப்பிய பதினோரு பேரில் ஏழு பேர் பட்டதாரிகள், மூன்று பேர் என் மாணவர்கள். யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. கணக்கு வாத்தியார் கோவித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாடு காவல் துறையில் 1,17,524 பேரைப் பற்றிய ஆய்வு போன மாதம் வெளிவந்தது. இந்த ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதக் கணக்கு. ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், அவர்களில் கொரோனாவால் இறந்தவர்கள் 20. ஒரு ஊசி போட்டவர்கள் 32,792, இறந்தவர்கள் 7. இரண்டு ஊசியும் போட்டவர்கள் 67,673, இறந்தவர்கள் 4. பேப்பரும் பேனாவும் எடுங்கள். ஊசி போடாதவர்கள் இறந்த அதே விகிதத்தில் அந்த 67,673 பேரும் இறந்திருந்தால் எத்தனை வரும்? ஏறக்குறைய 79. வந்தது 4. இவர்கள் லாக்டவுனில் வீட்டுக்குள் இருந்தவர்கள் இல்லை, தினமும் நடுரோட்டில் நின்றவர்கள். நம்மைப் போன்ற கிழவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது உண்மைதான். கிழவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் கணக்கு நமக்கு எதிராகப் போகாது. அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள். ஊசி யாரிடமும் பெயர் கேட்டு வேலை செய்யவில்லை.

அந்த நாலு என்ற எண்ணையும் நான் மறைக்கவில்லை. ஊசி போட்டாலும் தொற்று வரலாம். அரிதாகச் சாவும் வரலாம். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல், உடம்பு வலி, கை வலி வரும். எனக்கு ஒன்றரை நாள் இருந்தது. உங்கள் மாமிக்கு ஒன்றுமே இல்லை, அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தாள். கோவிஷீல்டு வகை ஊசியில் மிக மிக அரிதாக இரத்தம் உறைகிற கோளாறு வந்ததையும் வெளிநாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கடுமையான தலைவலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம் என்று ஊசிக்குப் பிறகு ஏதாவது வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள், மறைக்காதீர்கள். இதையெல்லாம் சொல்லாமல் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், காய்ச்சல் வந்த அன்றே நம் வார்த்தை செத்துவிடும்.

நம்ம ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை பயானில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டேன். "நான் ஏப்ரல்லயே போட்டுட்டேனே சார், ரெண்டாவது டோஸுக்கு நாள் வந்தாச்சு" என்றார். ஏன் ஹஜ்ரத் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேட்கலையே. நானா சொன்னா ஜமாஅத்துல ரெண்டு பேர் சண்டைக்கு வருவாங்களோன்னு இருந்துட்டேன்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்? படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், ஊர் மதிக்கிறவர்கள், எல்லோரும் தனித்தனியாகப் புத்தியோடு இருந்தோம், கூட்டாக வாய்மூடி இருந்தோம். வதந்தி பரப்பியவன் வெட்கப்படாமல் மைக் வைத்துப் பேசினான். ஹஜ்ரத் இந்த வெள்ளிக்கிழமை, ஊர் திறந்தபின் வருகிற முதல் ஜும்ஆவில், பேசுகிறேன் என்றிருக்கிறார். தன் சான்றிதழையும் கொண்டுவருகிறேன் என்று அவராகவே சொன்னார்.

நான் ஜூன் 9ஆம் தேதி முதல் டோஸ் போட்டுக்கொண்டேன். காக்கா போய் மூன்று வாரம் கழித்து. அதற்குள் ஊசிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. மார்ச்சில் ஆளில்லாமல் கிடந்த அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு டோக்கனுக்கு நின்றேன். நிற்கும்போது யோசனை போனதெல்லாம் அந்த மார்ச் மாதத்து நாற்காலிகளைப் பற்றித்தான். நர்சம்மா காலியாக உட்கார்ந்திருப்பார், வாங்க சார் என்று கூப்பிடுவார், நான் சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

இப்போது கேட்பதற்கு வருகிறேன்.

வருகிற ஞாயிறு, 11ஆம் தேதி, மதரஸா ஹாலில் முகாம். காலை பத்து மணி முதல். ஹஜ்ஜுப் பெருநாள் 21ஆம் தேதி, காய்ச்சல் வந்தாலும் அதற்குள் சரியாகிவிடும் என்றுதான் இந்த நாளைக் கேட்டு வாங்கினோம். எத்தனை டோஸ் வரும் என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும், அதனால் பெயர் கொடுத்தவர்களுக்கு முதலில். 45 வயதுக்கு மேலே உள்ளவர்களும் சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களும் முந்திக்கொள்ளுங்கள். 18 வயது ஆனவர்களும் வரலாம். பெண்களுக்குத் தனி அறை, திரை போட்டிருக்கும், ஊசி போடுவதும் நர்சம்மாதான். கர்ப்பிணிகளுக்கும் போன வாரம் அனுமதி கொடுத்துவிட்டார்கள், ஆனால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாருங்கள். கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் ஆகியிருந்தால்தான் வர வேண்டும். ஆதார் அட்டை, போன் இரண்டும் எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். சவூதி, துபாய் திரும்பப் போகிற தம்பிமார்கள் எந்த ஊசி வருகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். 2021 ஜூலையில் சவூதியில் கோவிஷீல்டை ஏற்றார்கள், கோவேக்சினை அப்போது ஏற்கவில்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு வேறு வேலை. உங்கள் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் செய்து "போட்டாச்சா" என்று கேளுங்கள். "பார்ப்போம்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். என்னைக் கோர்த்துவிடுங்கள், நான் பேசுகிறேன். நேரம் காலம் பார்க்க வேண்டாம்.

நேற்று வரைக்கும் 86 பெயர் வந்திருக்கிறது. 86ஆவது பெயர் என் ராத்தா. வயது 71. ஒரு மாதமாக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். காக்கா போடாமல் போனார், நானும் அப்படியே போய்க்கொள்கிறேன் என்பாள். நேற்று ராத்திரி இந்தப் பதிவில் முதலில் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என்னிடம் காக்கா கேட்டதும், நான் சொன்ன பதிலும் அவளுக்கு அதுவரை தெரியாது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீ பக்கத்துல உட்காருவியா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.